தடவுதுணியில் வெட்டிய நூல்கள்

அந்த நூல்களை வெட்டச் சொன்னது நீங்கள்தான். வெட்டியது நான், அதை மறைக்கவில்லை. நூல் வெட்டும் டிரிம்மர் என் கையில்தான் இருந்தது. ஆனால் சொன்ன வாய் உங்களுடையது. பிறகு மைக்கைப் பிடித்து மாற்றிச் சொன்னதும் அதே வாய்தான்.

நீங்கள் என்றால், நெருப்பெரிச்சல் ஊர்ப்பக்கம், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் மேனேஜர். பெயர் எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். இதை நினைத்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எழுதும்போதும் நாலு முறை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.

கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி, மனவளர்ச்சி குறைந்தவர்களுக்கு ஒரு பகல்நேரப் பள்ளி இருந்தது. பள்ளி என்றாலும் எல்லோரும் குழந்தைகள் இல்லை. நாற்பது வயது ஆளும் உண்டு. அங்கிருந்த டீச்சர் ஒருநாள் கம்பெனி வாசலுக்கு வந்து கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய துண்டுத்துணி, கேட்டார். தொட்டுப் பார்க்க, இழுக்க, திருக என்று விதவிதமான துணிகளை ஒன்றாகத் தைத்துக் கொடுத்தால் அவர்களுக்கு மனசு அடங்கும் என்றார். அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னார். எங்கள் வாயில் நுழையவில்லை. தடவுதுணி என்று நாங்களே பெயர் வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை செக்கிங் பெண்கள் ஐந்து பேர் போனோம். போன முதல் நாளே நான் ஒரு காரியம் செய்தேன்.

ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். பேச்சு வராது. மடியில் ஒரு பழைய துண்டு. அதன் ஓரம் முழுக்க நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் அங்கேதான் போயிற்று. பத்து வருடமாகப் பிசிறு வெட்டிச் சோறு தின்கிறவள் நான். துணியில் நகத்தளவு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பீஸ் பாஸ் ஆகாது. இடுப்பில் டிரிம்மர் இருந்தது. குனிந்து நறுக்நறுக்கென்று வெட்டிவிட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்.

அவள் கத்தவில்லை. நூல் இருந்த இடத்தை விரலால் தேடினாள். கிடைக்கவில்லை என்றதும் தன் மணிக்கட்டைக் கடித்தாள். அப்போதுதான் பார்த்தேன், அங்கே தோல் காய்ப்புக் காய்த்து, கறுத்து, வெடித்துக் கிடந்தது. பொங்கலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வரும் அவள் அம்மா ஓடிவந்து கையை இழுத்துப் பிடித்தார்.

“ஏனுங்க, அது அவ நூலுங்க. அதைய வெட்டிப்போட்டீங்களே.”

திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை.

அதனால்தான் அவளுடைய தடவுதுணியை நானே தைத்தேன். மற்றவர்களுக்குத் தைத்ததெல்லாம் எளிது. நாற்பது வயது ஆளுக்கு ஜிப் போதும், நாளெல்லாம் திறந்து மூடுவார். இவளுக்கு நூல்தான் வேண்டும். இழுத்தால் வரக்கூடாது, கழுத்தில் சுற்றும் அளவுக்கு நீளமும் கூடாது. தடித்த பருத்தி நூலை உள்பக்கம் முடிச்சுப் போட்டு, மேலே தையல் ஓட்டி, ஒவ்வொன்றையும் என் பலம் மொத்தமும் போட்டு இழுத்துப் பார்த்தேன். மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். கடைசியில் இருபத்தொரு நூல் நின்றது.

என்னோடு வந்தவள் ஒருத்தி சிரித்தாள். “ஆறு நாளு பிசிற வெட்டறதுக்குச் சம்பளம் வாங்கறாங்க, ஏழாம் நாளு பிசிறு வெச்சுத் தெக்கறாங்க. அக்காவுக்கு முத்திப்போச்சு.”

“வாய மூடிட்டு ஊசிய எடு” என்றேன்.

அந்தப் பெண் அதை வாங்கினாள். ஒரு நூலை விரலில் சுற்றுவாள், விடுவாள், அடுத்ததைச் சுற்றுவாள். கை வாய்க்குப் போவது குறைந்தது. இரண்டு மாதத்தில் மணிக்கட்டில் புதுத்தோல் வந்தது. ஒருநாள் அவள் அம்மா அந்தக் கையில் இரண்டு பிளாஸ்டிக் வளையல் போட்டுக் கூட்டி வந்தார். பச்சை நிறம். “வயசுக்கு வந்ததுல இருந்து இந்தக் கையில ஒண்ணும் போட்டதில்லீங்க” என்று எல்லோரிடமும் காட்டினார்.

அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனிக்கு வருகிறார், நாம் உதவி செய்கிற பள்ளியையும் பார்க்க ஆசைப்படுகிறார் என்றீர்கள். அதுவரை அந்தப் பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. தைத்த எல்லாவற்றையும் கம்பெனிக்கு எடுத்துவரச் சொன்னீர்கள். கேமரா வைத்த செல்போன் உங்களிடம் மட்டும்தான் இருந்தது. அதில் நாலு படம் எடுத்தீர்கள். அவளுடைய துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தீர்கள்.

“என்னுங்க இது, தையல் சரியில்லாத ஆல்ட்டர் பீஸாட்டத் தொங்குது? இதையப் பாத்தான்னா நம்ம குவாலிட்டியப் பத்தி என்ன நெனைப்பான்?”

“சார், அது தொங்கணும் சார். அந்தப் பிள்ளைக்கு அதுதான் வேணும். வெட்டுனா கையக் கடிச்சிரும்.”

“பையர் போகட்டுங்க, பொறவு வேற தெச்சுக் குடுத்துக்கலாம். இப்பப் பிசிறெல்லாம் வெட்டி, ஐயர்ன் போட்டு, பாலி பேக்குல போடுங்க.”

இரண்டாவது தடவையும் சொன்னேன். மணிக்கட்டைக் காட்டி, இந்த இடத்தில் கடிப்பாள் என்று என் கையிலேயே கடித்துக் காட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: “உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளை வெச்சுப் பாத்துக்கறேன்.”

எனக்கு வேலை வேண்டும். வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அவளுடைய துணியை வேறு யாரும் தொடக்கூடாது என்று ஒரு கிறுக்கு எண்ணம். நானே எடுத்து, நானே இருபத்தொன்றையும் வெட்டினேன். உள்முடிச்சோடு ஒட்ட வெட்டினேன், தடவினால்கூடக் கையில் படாத அளவுக்கு. நன்றாக வெட்டத் தெரியும் எனக்கு.

பையர் பள்ளியில் ஐந்து நிமிடம் நின்றார். கைகுலுக்கினார், போனார். அவள் பாலி பேக்கைப் பிரித்துத் துணியைத் தடவினாள். திருப்பித் தடவினாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றும்போது இரண்டு வளையலும் உடைந்து, மணிக்கட்டில் ரத்தம்.

அந்த மாதமே பள்ளி ஆண்டு விழா. உங்களுக்குச் சால்வை. நீங்கள் பேசி முடித்ததும் அவள் அம்மா கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்: “ஏனுங்க சார், எம்புள்ள துணியில நூல எதுக்குங்க வெட்டுனீங்க?”

நீங்கள் தடுமாறவே இல்லை. “அதுங்கம்மா, நம்ம செக்கிங் பொம்பளைங்க பழக்கத்துல வெட்டிப்போட்டாங்க. தெரியாம நடந்துபோச்சு. அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேங்க” என்றீர்கள். கை தட்டினார்கள்.

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நம்பிவிட்டார். நம்பாமல் என்ன செய்வார்? முதல் நாள் நான் குனிந்து வெட்டியதைக் கண்ணால் பார்த்தவர். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் குற்றம், அதற்கு உங்களைச் சாக்காகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வேலையை விட்டேன். அதே நூல், அதே முடிச்சு போட்டுப் புதிதாக ஒன்று தைத்துக்கொண்டு பொங்கலூருக்குப் போனேன். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதை அவள் அம்மா நிறுத்தியிருந்தார். வீட்டில் அவள் இரண்டு கையிலும் சாக்ஸ் மாட்டிக் கட்டியிருந்தது. அந்த அம்மா துணியை வாங்கி நூல்களை இழுத்துப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“உங்க மேல கோவமில்லீங்க. பழகுன பொறவு இன்னொருக்கா வெட்டிப்போட்டா அவ தாங்கமாட்டாளுங்க. நானுந் தாங்கமாட்டேன்.”

டீச்சர் கையில் கொடுத்து அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. கை தவறி வெட்டுகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வெட்டுவார்கள் என்பது அந்த அம்மாவின் கணக்கு. அதில் தப்பில்லை. கை தவறவில்லை, ஒரு ஆள் சொல்லித்தான் நடந்தது என்று தெரிந்தால்தான் அவர் இதை வாங்குவார். நான் சொன்னால் எடுபடவில்லை. மூன்று தடவை சொல்லிவிட்டேன். செய்ததை மறைக்கப் பெரிய மனுஷன் மேல் பழி போடுகிறேன் என்று நினைக்கிறார்.

இந்த வருட ஆண்டு விழாவுக்கும் உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவும் பெண்ணோடு வருகிறார் என்று டீச்சர் சொன்னார். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். அதே மைக்கில், அந்த அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வெட்டினால் அவள் கையைக் கடிப்பாள் என்று உங்களிடம் சொன்னேனா, இல்லையா? தெரிந்தும் வெட்டச் சொன்னீர்களா, இல்லையா? வெட்டியது நான் என்று அங்கேயே எழுந்து நின்று சொல்கிறேன். வெட்டச் சொன்னது யார் என்று நீங்கள் சொல்லுங்கள்.