திவாகரன் வைத்த பொட்டு

மலேசியாவின் ஜெராமில் திவாகரன் வீட்டு அலமாரியில் ஒரு போத்தல் இருக்கிறது. உள்ளே இருப்பது தண்ணீர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது நிலக்கரியிலிருந்து வந்த டீசல். அந்தக் கறுப்புக் கல்லுக்குள் இவ்வளவு தெளிவு எங்கே ஒளிந்திருந்ததோ என்று அவர் இன்றும் வியக்கிறார்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர், புக்கிட் பெருந்துங்கில் ஒரு சின்னச் சோதனை ஆலையில் ஆறு வருடம் வேலை செய்தார். நிலக்கரியை நீராவியோடு சுட்டு வாயுவாக்கி, சுத்தம் செய்து, இரும்புத்தூள் நிரம்பிய குழாய்க்குள் அனுப்பினால் மறுமுனையில் எண்ணெய் சொட்ட வேண்டும். எங்கே சொட்டியது? மெழுகும் அழுக்குத் தண்ணீரும்தான் வந்தன. ஆனாலும் அந்த பம்புச் சத்தமும் மூன்று மணித் தேநீரும் அவருக்கு இன்னும் ஏக்கம்தான். கடைசியில் முதலாளி, "மூணு நாள் நிக்காம எண்ணெய் வரணும், இல்லன்னா பூட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

எண்ணெய் வந்தது! முதலில் சொட்டியதைத் திவாகரன் ஒரு போத்தலில் பிடித்து வைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் ஆயுதபூசை. சூடம் கொளுத்தக் கூடாது என்று இளம் பொறியாளர் அலீசியா கண்டிப்பாகச் சொன்னதால் சந்தனம், குங்குமத்தோடு பூசை முடிந்தது. சந்தோஷத்தில் திவாகரனுக்குக் கை நிற்கவில்லை. கண்ணில் பட்ட கருவிக்கெல்லாம் பொட்டு வைத்தார்.

மறுநாள், கெடு முடிய இன்னும் நான்கு மணி நேரமே பாக்கி. அவர் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். நச்சுவாயு கசிந்தால் அலறும் கருவியின் சல்லடையை அவர் வைத்த சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. கருவியின் கீழே அலீசியா உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

துடைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். துடைத்தாலும் அது வேலை செய்யுமா என்று யார் கண்டது? சிவப்புப் பொத்தானை அழுத்தி ஆலையையே நிறுத்தினார்.

"அங்கிள், என்ன பண்ணிட்டீங்க!"

"மொதல்ல வெளிய போம்மா!"

சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கசிவும் இல்லை. முதலாளி சொன்னபடி பூட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு பத்து ஆயுதபூசை வந்து போயின. திவாகரன் சந்தனத்தைத் தொடவே இல்லை. வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு அவர் மனைவி ரமணிதான் பொட்டு வைப்பாள்.

இந்த வருடப் பூசைக்கு அலீசியா வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்தார்.

"ஒன்னுமே கசியலம்மா. உன் ஆலைய நாந்தான் கெடுத்தேன்."

அவள் ரமணியின் தட்டிலிருந்து சந்தனம் எடுத்து, அலமாரியிலிருந்த அந்த டீசல் போத்தலில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"இதுல வைக்கலாம் அங்கிள். இது மூச்சு விட வேணாம்லா. கீழ உக்காந்திருந்தவ நான். எனக்கு ஆலை போனது பெருசா தெரியல."

திவாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சந்தனத்தின் மேல் வைக்கத் தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டார்.