சுவிஸுக்குக் கடல் வெட்டிய கதை

நான் சுவிட்சர்லாந்தைக் கட்டிய வருடம் எனக்குப் பத்து வயது. தனியாகக் கட்டினேன் என்று எழுதினால் என் அண்ணன், அதாவது காக்கா, சண்டைக்கு வருவார். மலைகளும் பாலங்களும் ரயில் பாதைகளும் அவருடையவை. மரங்கள் என்னுடையவை. மரம் என்றால் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்டில் மரம் நிற்காத இடத்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

காக்காவுக்கு அப்போது பதினைந்து. படிப்புக்கென்று வாப்பா வாங்கிக் கொடுத்த கம்பியூட்டரில் ஊர் கட்டும் கேம் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். வெறும் நிலம் தருவார்கள். ரோட்டுப் போட்டு, தண்ணீரும் கரண்டும் கொடுத்தால் வீடுகள் முளைக்கும், ஆட்கள் குடிவருவார்கள், வேலைக்கும் கடைக்கும் போய்வருவார்கள். முதலில் எங்கள் கல்முனையைத்தான் கட்டிப் பார்த்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் ஒரு நேர் ரோட்டு. சீக்கிரமே முடிந்துவிட்டது. மேடுபள்ளம் இல்லாத ஊரைக் கட்டுவதில் என்ன கெட்டித்தனம் என்று காக்கா அலுத்துக்கொண்டார்.

சுவிஸ் எங்களுக்குச் சாச்சா வழியாக வந்தது. உம்மாவின் தங்கையை முடித்தவர் அவர். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே சுவிஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சாச்சி எங்கள் வளவிலேயே அடுத்த வீட்டில் இருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. எங்கள் அடுப்பில் மீன் பொரிந்தால் அங்கே பசிக்கும். ஒருநாள் சாச்சா போனில் படம் காட்டிக்கொண்டே பனியில் நடந்தார். பின்னால் மலை, கீழே ஆறு, ஆற்றைக் கடக்க ஒரு கல்பாலம். காக்கா போனைப் பறித்துக்கொண்டு, “சாச்சா, அந்தப் பாலத்த இன்னொருக்காக் காட்டுங்க” என்றார். அவ்வளவுதான், எங்கள் கல்முனை அன்றே கைவிடப்பட்டது.

நாங்கள் கேட்டதற்கெல்லாம் சாச்சா படம் அனுப்பினார். பாலத்தை ஒரு படம் கேட்டால் ஏழெட்டு வரும், மேலிருந்தும் கீழிருந்தும். மணிக்கூண்டு, ரயில் நிலையம், கூரை சரிந்த மரவீடுகள், மாடு மேயும் சரிவு. இவ்வளவு வேலைக்கு நடுவில் மனிதருக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று உம்மா ஆச்சரியப்படுவார். காக்கா அதையெல்லாம் யோசிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி கட்ட வேண்டும், ஒரு மரம்கூட இடம் மாறக்கூடாது என்பது அவருடைய சட்டம். நான் ஆசைப்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னையை நட்டபோது, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு மணித்தியாலம் என்னோடு கதைக்கவில்லை.

சாச்சி முதலில் எங்களைப் பகிடி பண்ணத்தான் வந்தார். பிறகு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஒவ்வொரு நாளும் வரத் தொடங்கினார். பிளாஸ்டிக் கதிரையைக் காக்காவின் பின்னால் இழுத்துப் போட்டு, மடியில் சுளகை வைத்து முருங்கை இலை உருவிக்கொண்டே பார்ப்பார்.

“மகன், சாச்சாட ஊடு எது?”

காக்கா ஒரு மாடிக்கட்டிடத்தைக் காட்டினார். “நாலாம் மாடி.”

“நாலாம் மாடியா? உடுப்பு எங்க காயப்போடுற?”

“அதுக்கு மெசின் இரிக்கு சாச்சி.”

“மீன்காரன் எதால வருவான்?”

“மீன்காரன் வரமாட்டான். கடைக்குப் போகணும்.”

“கடல் எந்தப் பக்கம்?”

“சுவிஸில கடல் இல்ல.”

சாச்சியின் கை நின்றுவிட்டது. கடல் இல்லாத ஒரு நாடு இருக்க முடியும் என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை போலும். காக்கா ஏரியைக் காட்டினார். சாச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்ல பெரிய குளம்தான்” என்று சொல்லி மறுபடி இலையை உருவினார்.

அந்தக் கேமில் ஓர் ஆள் மேல் மவுஸை அமர்த்தினால் அவர் பின்னாலேயே போகலாம். சாச்சி அதைக் கண்டுபிடித்ததிலிருந்து எங்களுக்கு மலை கட்ட விடவில்லை. சாச்சா இருக்கும் கட்டிடத்தில் குடியிருந்த, சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு ‘நம்மட ஆள்’ என்று பெயர் வைத்தார். வந்ததும் முதல் கேள்வி, “நம்மட ஆள் இப்ப எங்க?” என்பதுதான். நம்மட ஆள் ரயிலில் வேலைக்குப் போவாள். கடைக்குப் போவாள். பூங்காவைச் சுற்றி நடப்பாள். வீட்டுக்குத் திரும்புவாள். எந்தச் சந்தியில் திரும்பினால் கடை, எந்த மேடையில் நின்றால் வீட்டுக்கு ரயில் என்றெல்லாம் சாச்சிக்குப் பாடமாகிவிட்டது.

ஒரு பின்னேரம் சாச்சி கேட்டார்: “இவள் ஆர்ட ஊட்டுக்கும் போறல்லியா?”

“இல்ல.”

“இவள்ட ஊட்டுக்கு ஆரும் வாறல்லியா?”

காக்கா சிரித்தார். “கேமில அப்பிடி ஒண்டும் இல்ல சாச்சி. வேல, கட, ஊடு. அவ்வளவுதான்.”

சாச்சி சுளகை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

அடுத்த நாள் காலை எங்கள் குசினியில் சத்தம். சாச்சாவிடம் போகும் விசாவுக்காகச் சாச்சி கொழும்புக்குப் போய்க் கதைக்க வேண்டிய நாள் அடுத்த கிழமை வந்திருந்தது. சாச்சி போகமாட்டேன் என்கிறார். மூன்று வருடம் காத்திருந்த ஆள் இப்போது போகமாட்டேன் என்றால் யாருக்குத்தான் விளங்கும்? உம்மா அதட்டினார், பிறகு அழுதார், பிறகு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். வாப்பா, “பயமா தங்கச்சி? நான் எயார்போட் வரைக்கும் கூட வாறன்தானே” என்றார். சாச்சி எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு, “நான் இங்கயே இருக்கன்” என்று மட்டும் சொன்னார்.

நானும் காக்காவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். குற்றம் சுவிஸில்தான் இருக்கிறது என்று எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாங்கள்தான் அவருக்கு அந்த ஊரைக் காட்டினோம். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“கடல் இல்லாததாலதான்” என்றேன் நான்.

காக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தென்னை ஒன்றுக்கு இடம் கொடுக்காத மனிதர், கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி, கடல் வெட்டுவம்” என்றார்.

அந்த வேலையை நாங்கள் எவ்வளவு சந்தோசமாகச் செய்தோம் என்று சொல்லி முடியாது. சாச்சாவின் கட்டிடத்துக்கு முன்னாலேயே கரை வர வேண்டும் என்று தீர்மானித்தோம். மலையின் அடிவாரத்தை வெட்டினோம், மேட்டைத் தாழ்த்தினோம், மணல் போட்டோம். காக்கா தன் கையால் எனக்குத் தென்னைகளை எடுத்துத் தந்தார். நாலைந்து நாளில் எல்லாம் முடித்து, ஏரிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நின்ற வரம்பை வெட்டிவிட்டு, நான் சாச்சியைக் கூப்பிட ஓடினேன். உம்மாவும் பின்னால் வந்தார்.

காக்கா கேமை ஓடவிட்டார். தண்ணீர் அழகாக வந்தது. பள்ளத்தை நிரப்பியது. நிரப்பிய பிறகும் நிற்கவில்லை. மணலைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, ரோட்டில் ஏறி, ரயில் நிலையத்துக்குள் நுழைந்தது. கார்கள் மிதந்தன. மணிக்கூண்டு முழங்கால் ஆழத்தில் நின்றது.

“நிப்பாட்டு மகன், நிப்பாட்டு” என்றார் சாச்சி.

“நிக்குதில்ல சாச்சி.”

உம்மாதான் முதலில் சிரித்தது. “இப்பதான் சரி. மாரியில நம்மட ரோட்டு மாதிரியே இரிக்கு.” சாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காக்கா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்துச் சாச்சாவை அழைத்தார். அந்தக் கிழமை முழுக்க அவருடைய அழைப்பை எடுக்காமல் இருந்தவர், இப்போது போனைத் திரைக்கு நேராகப் பிடித்தார்.

“பாருங்க, உங்கட ஊர் தண்ணியில தாண்டுபோச்சி.”

சாச்சா வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தார். “என்ட ஊட்டுக்குள்ளயும் தண்ணியா?”

“நாலாம் மாடி, தப்பிட்டு” என்றார் காக்கா, துக்கத்தோடு.

சாச்சா சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. சிரிப்பு அடங்கிய பிறகு சாச்சி சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்: “உங்கட ஊட்டுக்கு ஆராச்சும் வாறாங்களா?”

சாச்சா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

“நான் ஒத்தையா இருக்கிற ஊட்டுக்கு ஆர் வருவா?” என்றார் சாச்சா. “நீ வந்தா வருவாங்க.”

சாச்சி போனை எடுத்துக்கொண்டு வெளியே கிணற்றடிக்குப் போனார். நெடுநேரம் திரும்பி வரவில்லை. உம்மா எங்களை எட்டிப் பார்க்கவும் விடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, கொழும்புக்கு எந்தச் சாரி கட்டலாம் என்று உம்மாவிடம் கேட்டார்.

நாங்கள் கட்டிய கடல்தான் சாச்சியின் மனதை மாற்றியது என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். காக்கா அதை மறுக்கவில்லை. ஆனால் விசா கிடைத்து, சாச்சி எயார்போட்டுக்கு வாடகை வானில் ஏறிப் போன மறுநாளே கடலைத் தூர்த்து, மலையைப் பழையபடி நிமிர்த்திவிட்டார். இனி அங்கே நேரில் பார்த்துப் பிழை சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் அல்லவா?

சாச்சி போய்ச் சேர்ந்து சில கிழமைகளுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தார். நாங்கள் கேள்விகளோடு காத்திருந்தோம். பாலத்தின் வளைவு சரியா? மணிக்கூண்டின் கூரை பச்சையா கறுப்பா? சாச்சி எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம், அப்பிடித்தான்” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, “இங்க பாருங்க” என்று போனைத் திருப்பினார்.

அங்கே ஒரு சின்ன மேசை. அதில் புரியாணிச் சட்டி. கீழ் மாடியில் இருக்கும் ஒரு பெண்ணும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, சாச்சிக்கு அவர்களுடைய பாஷை தெரியாது. சாச்சா சட்டைக் கையை மடித்துவிட்டு, அவர்கள் போதும் போதும் என்று கையைக் காட்டக் காட்டச் சோற்றை வைத்துக்கொண்டிருந்தார். சாச்சி ஒவ்வொரு முகமாக எங்களுக்குக் காட்டினார். பிறகு சோற்றுக் கோப்பைகளைக் காட்டினார். பிறகு மறுபடியும் முகங்களைக் காட்டினார்.

யன்னல் அவர்களுக்குப் பின்னாலேயே இருந்தது. போனைக் கொஞ்சம் உயர்த்தினால் பாலம் தெரிந்திருக்கும். நான் எத்தனையோ தரம் சொல்லியும் அவர் உயர்த்தவே இல்லை. போனை வைத்ததும் நான் காக்காவிடம் முறையிட்டேன்: சுவிஸ் வரைக்கும் போய், இந்தச் சாச்சி எங்களுக்குச் சோறு தின்கிறவர்களைக் காட்டுகிறாரே.