சாக்கெட் அண்ணி

மூச்சை அடக்கிக்கொண்டுதான் அளப்பார். எட்டுத் துளை உள்ள கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, நீளம் ஒரு விரல் கணுவளவுகூட இராது. அதைக் காலிப்பர் என்கிற அளவுக் கருவியின் வாய்க்குள் வைத்து எண்ணைப் பார்ப்பார், எடுப்பார், திருப்பி வைத்து மறுபடி பார்ப்பார். மூன்றாம் முறையும் அதே எண் வந்தால்தான் மூச்சு வெளியே வரும். "சாக்கெட் அண்ணி தியானத்துல இருக்காங்க" என்பார்கள் பக்கத்து மேசைக்காரர்கள். எனக்கு அவர் நிஜமாகவே அண்ணி, என் அண்ணனின் மனைவி.

ஆஸ்பத்திரி மிஷின்களைப் பழுது பார்க்கும் பட்டறை அது. சர்க்யூட் போர்டில் உடைந்துபோன சாக்கெட், அதாவது கம்பிப் பின்களைச் செருகுகிற துளைப் பட்டை, எந்த வகை என்று கண்டுபிடித்து, அதே வகையைக் கடை கடையாக ஏறி வாங்கி வருவது அண்ணியின் வேலை. அந்தச் சாமானில் பேரும் இருக்காது, நம்பரும் இருக்காது. துளைக்குத் துளை எவ்வளவு இடைவெளி, எவ்வளவு உயரம், உள்ளே என்ன பூச்சு என்று பார்த்துத்தான் இனம் காண வேண்டும். போதாக்குறைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சாக்கெட்டுகள் வேறு. ஒன்றில் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர், மற்றதில் ஒரு மயிரிழை கூடுதல்.

"நாலு பின் வரைக்கும் வித்தியாசமே தெரியாது தம்பி. எட்டுப் பின்னுன்னா கொஞ்சம் அமுக்கினா உள்ள போயிடும். போகாம நின்னுட்டா நல்லதுதான். போயிடுதே, ஆனா பிடிப்பு நிக்காது, அதான் பயம்."

பயத்துக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது. தெருமுனை வரை போனவர் கேஸை மூடினோமா என்று மூன்று மாடி திரும்ப ஏறுவார். நல்லவேளை, என்னை மட்டும் அளக்காமல் கட்டிக்கொண்டாள் என்பான் அண்ணன். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. மேசைமேல் ஒரே பாக்கெட்டில் மிஞ்சிய ஐந்து சாக்கெட்டுகள். அதில் இரண்டு வேறு இனம். கடைக்காரர் கலந்து போட்டிருக்கிறார். வாங்கிய அன்று முதலாளி அவசரம் அவசரம் என்று பறந்ததால், அண்ணி மேலாக இருந்த ஒன்றை மட்டும் அளந்துவிட்டுப் பாக்கெட்டை எடுத்து வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு நாள்! அதிலிருந்து மூன்று சாக்கெட்டுகள், குறைமாதக் குழந்தைகளை வைக்கிற இன்குபேட்டர் மூன்றுக்குப் போய்ப் பத்து நாளாகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். மூன்றும் நன்றாக ஓடுகின்றன, மூன்றிலும் குழந்தை இருக்கிறது, சூடும் சரியாகக் காட்டுகிறது என்றார்கள். முதலாளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஓடுகிறதைப் போய் நோண்டினால் அந்த ஆஸ்பத்திரி வேலை இனி நமக்கு வராது, அப்புறம் உங்களுக்கும் இங்கே வேலை இருக்காது என்றார். அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் கூடவே போனேன்.

நான்தான் அசடு மாதிரி, அதுதான் சரியாகக் காட்டுகிறதாமே அண்ணி என்றேன்.

"அந்த நம்பரே அந்த சாக்கெட் வழியாத்தான் தம்பி வருது. பிடிப்பு விட்டுச்சுன்னா சூடு கம்மின்னு காட்டும். கம்மின்னு நெனச்சு, நம்பர் சரியாகற வரைக்கும் மிஷின் இன்னும் சூடேத்தும். பாக்கறவங்களுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

வண்டியை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

பட்டறை ஆள் என்பதால் அவரை உள்ளே விட்டார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். முழங்கை வரை கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு போனார். நர்ஸ் சிரித்த முகமாகத் திரையைக் காட்டினார். முப்பத்தாறரை டிகிரி, இருக்க வேண்டிய சூடு. அண்ணி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. முதல் பெட்டியின் பக்கத் துளை வழியாகக் கையை விட்டு, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு காலைத் தொட்டார். கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தார். இரண்டாவது பெட்டி. அதிலும் கை வெளியே வந்தது.

மூன்றாவதிலும் பச்சை எழுத்தில் முப்பத்தாறரைதான். அண்ணியின் இடது கை உள்ளேயே நின்றுவிட்டது. தலையைத் திருப்பாமல், வலது கையால் நர்ஸின் மணிக்கட்டைப் பற்றி, குழந்தையைத் தொடும்படி அடுத்த துளைக்குள் இழுத்தார்.