லோரிக்குக் கட்டிய பரண்

என் கை அளவு தப்பாது என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அது போன கதையை என் மனைவியிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை.

ரப்பர் விலை விழுந்து ஊரே முடங்கிக் கிடந்த சமயம். ரயில்வே பட்டறையில் தச்சனாக இருந்த என்னையும் ஆள் குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களில் கையை வீசிக்கொண்டு திரிந்தேன். அப்போதுதான் ஒரு மளிகைக்கடை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அவரிடம் ஒரு பழைய லோரி இருந்தது. காலையில் அரிசி மூட்டைகளோடு கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும்; மாலையில் தேங்காய் ஏற்றிக்கொண்டு திரும்பும். மூட்டைகளுக்கு மேலே பாய், கூடை மாதிரி லேசான சாமான்களை அடுக்க ஒரு தட்டும், அவை சரியாமல் சுற்றிலும் சட்டமும் வைத்துப் பரண் கட்டித் தரச் சொன்னார். வேலை பிடித்திருந்தால் கடையிலேயே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அந்தச் சொல்லுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

பரண் எத்தனை உயரமோ அத்தனை லாபம் என்பது முதலாளியின் கணக்கு. ஆனால் எங்கள் குடியிருப்பை ஒட்டிய ரயில் பாலத்துக்கு அடியில் வண்டி இடிக்காமல் போக வேண்டும். பாலத்தின் உயரத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். லோரி மூட்டை ஏற்றிப் புறப்படத் தயாராக நின்றது. நின்ற வண்டியின் ஓரமாக மூங்கிலை நிறுத்தி அளவு குறித்தேன். மெராந்தி மரத்தில் நான்கு கால், குறுக்குச் சட்டங்கள், நடுவில் தட்டு. பாலத்துக்கும் பரணுக்கும் இடையே இரண்டு விரற்கடைதான் விட்டேன். அதற்குமேல் விட்டால் என் கைக்கு என்ன மரியாதை?

டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மாட்டுவண்டி ஓட்டிப் பழகி லோரிக்கு வந்தவர். எந்தச் சந்தில் வண்டி நுழையும், எதில் நுழையாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். முதல் நாள் பாலத்துக்கு அடியில் வண்டி உரசாமல் போனபோது தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்று வாரம் போக வர ஒரு கீறல்கூட விழவில்லை.

நாலாவது வாரம் ஒரு நாள் தோட்டத்தில் தேங்காய் இல்லை. வேலை இல்லையென்று பறிக்கும் ஆட்களில் பாதிப் பேரை ஊருக்கே திருப்பிக் கப்பல் ஏற்றியிருந்தார்கள். முதல் தடவையாக வண்டி காலியாகத் திரும்பியது. பாலத்தில் மோதியது. முன்கால் இரண்டும் முறிந்து, பரண் டிரைவர் உட்கார்ந்திருந்த முன்பகுதியின் கூரைமேல் சரிந்தது. நெற்றியில் காயத்தோடு இறங்கியவர் பாலத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாராம்.

உடைந்த சட்டத்தைக் கழற்றப் போனபோதே எனக்கு விளங்கிவிட்டது. சுமை இறங்கினால் ஸ்பிரிங் பட்டை நிமிரும்; வண்டி எழும்பும். வண்டியின் உயரத்தைக் காலியாக இருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்பது பட்டறையில் பெருக்குகிறவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவசரத்திலும் ஆசையிலும் மறந்துபோனேன்.

அளவில் தப்பா என்று முதலாளி என்னைக் கேட்டார்.

"பாலத்துக்கு அளவு எடுத்துத்தான் போட்டேன், முதலாளி."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றும் என் வாய் கசக்கிறது.

டிரைவரே எனக்காகப் பேசினார். "தம்பி மேல தப்பு இல்ல. அதே வண்டி, அதே பாலம். காலையில போனவனுக்கு சாயந்தரம் தெரியலன்னா, கண்ணுதான் மோசம் போயிடுச்சு."

முதலாளி அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். என்னை வைத்துக்கொண்டார். பரணை ஒரு சாண் குறைத்து மறுபடி கட்டினேன். அந்த மூங்கிலை என் மனைவி கொல்லையில் துணிக்கொடிக்கு முட்டாக நட்டாள். தினமும் காலையில் அதன் முகத்தில்தான் விழித்தேன்.

டிரைவருக்கு வேறு இடத்திலும் ஓட்டுகிற வேலை கிடைத்திருக்கும். அவர்தான் போகவில்லை. கண் தெரியாதவன் ஆளைக் கொன்றுவிடுவான் என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டில் தினமும் பொன்னாங்கண்ணிக் கீரைதான். கண்ணுக்குக் குளிர்ச்சியென்று நந்தியாவட்டைப் பூவை இமைமேல் வைத்துக்கொண்டு மத்தியானங்களில் படுத்துக் கிடப்பார். கடைசியில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அவர் மனைவி தோட்டை விற்று வெள்ளியில் கண்மலர் வாங்கினாள். நெருங்கின மனிதன் என்று என்னையும் கோயிலுக்கு அழைத்தார்கள். தட்டை என் கையில்தான் கொடுத்தார்கள். தேங்காய்க்கும் பூவுக்கும் நடுவே அந்த இரண்டு வெள்ளிக் கண்களும் கிடந்தன. இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்து, குருக்களிடம் தட்டை நீட்டிவிட்டுக் கும்பிட்டேன். என் பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்பது உண்மைதான். பயம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சொன்னேன், இரண்டு வருடம் கழித்து. அதற்குள் முதலாளி கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பட்டறையில் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உண்மை சொன்னால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை என்று ஆன பிறகுதான் சொல்ல வாய் வந்தது.

டிரைவர் அப்போது ரோட்டோரக் கால்வாய் வெட்டுகிற கூலி வேலையில் இருந்தார். வேலை விட்டு வந்தவரை வழியில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். காலி வண்டி, ஸ்பிரிங், மூங்கில், முதலாளியிடம் நான் சொன்ன பதில். மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி வைத்துக் கேட்டார். முடித்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்போ என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லண்ணே. ஒண்ணுமே இல்ல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பின்னாலேயே போனேன். எங்கள் இருவர் வீட்டுக்கும் அந்த ஒரே வழிதான். ரயில் பாலம் வந்தது. எங்களுக்கு மேலே இன்னும் ஒரு ஆள் நிற்கும் உயரம் இருந்தது. அதற்கு அடியில் நுழையும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார்.