ரத்தான பயணத்துக்கு வந்த பணம்

லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் என்ன சொல்வது என்பது அவருக்கு மனப்பாடம். "ஒண்ணும் பயமில்ல, இதோ திறந்துடலாம்." மோட்டாரே எரிந்திருந்தாலும் அதையேதான் சொல்வார். உண்மையைச் சொன்னால் இருட்டுப் பெட்டிக்குள் இருப்பவர் தவித்துப் போவதுதான் மிச்சம். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கப் போன கட்டடங்களில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். கோபம் வந்தால் மனைவிக்கும் அப்படித்தான்.

மனைவியின் வயிற்று ஸ்கேனைப் பார்த்த டாக்டர், அவளை எடை பார்க்க அனுப்பிவிட்டு இவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். புற்று ஈரல்வரை பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். திரும்பி வந்தவளிடம், "வயித்துப் புண்ணுதான். மாத்திரை போட்டா ஆறிடும்" என்றார் வாய் கூசாமல். மகளுக்கும் போனில் அதே புண் கதைதான்.

அந்த வாரமே, வெளிநாட்டில் வேலை பார்க்கும் அந்த மகளைப் போய்ப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார். பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கூட்டிப் போகாத மனுஷனுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று அவள் கேலி செய்தாள்.

டிக்கெட் எடுக்கப் போன இடத்தில் இருந்த பெண், பயணக் காப்பீட்டைப் பொறுமையாக விளக்கினாள். கிளம்புமுன் திடீரென்று உடம்புக்கு முடியாமல் பயணம் நின்றால், திரும்பக் கிடைக்காத டிக்கெட் பணமும் ஓட்டல் முன்பணமும் வரும். மனசு மாறி நிறுத்தினால் வராது. விசா கட்டணம் எப்படியானாலும் போனது போனதுதான்.

"முக்கியமா ஒண்ணு சார். பாலிசி எடுக்கும்போது தெரியாத வியாதியா இருக்கணும். முன்னாடியே தெரிஞ்சிருந்து சொல்லாம விட்டா பைசா தர மாட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது இருக்கா?"

மனைவி பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

பெட்டி கட்டுவதற்குள் அவள் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நோயின் பெயரை மறைக்க முடியவில்லை. இப்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்று அவளிடம் சமாளித்தார். மகளுக்கு இன்னும் அதே புண் கதைதான். பயணத்தை ரத்து செய்துவிட்டு இழப்பீடு கேட்கப் போனால், நோய் முதன்முதலில் என்றைக்குத் தெரிந்தது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும் என்றாள் அந்தப் பெண். அவர் எழுந்து வந்துவிட்டார். போன பணம் போகட்டும்.

வீட்டுக்கு வந்தபின் மனைவி அதையே கேட்க ஆரம்பித்தாள். இன்ஷூரன்ஸ் பணம் வந்துச்சா? காசுக்கு அடித்துக்கொள்கிறவள் இல்லை அவள். ஒருநாள் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தபோது திரும்பவும் கேட்டாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பணம் வந்தால் அது யாருக்கும் தெரியாமல் வந்த நோய். வராவிட்டால் பக்கத்தில் படுத்திருந்த புருஷனுக்கு முன்பே தெரியும். அவள் பணத்தைக் கேட்கவில்லை.

மறுநாள் சேமிப்பிலிருந்து எடுத்து, அவள் வங்கிக் கணக்கில் ரொக்கமாகக் கட்டினார். "வந்துடுச்சு, பாரு" என்று போனை நீட்டினார்.

அவள் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"விசா காசையும் சேர்த்தா குடுத்தாங்க?"

செலவான மொத்தத்தையும் அப்படியே கட்டியிருந்தார். "ஆமா" என்றார்.

"நல்ல கம்பெனிதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

அவர் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். மாத்திரையை உரித்துக் கொடுத்தார். அவள் விழுங்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலைச் சாத்தப் போனவரின் முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"ஏங்க. பொண்ணுகிட்டயாவது உண்மையைச் சொல்லிடுங்க. அவளையும் லிஃப்டுக்குள்ள அடைச்சுவச்சு வெளியில நின்னு சமாதானம் சொல்லிட்டிருக்காதீங்க."

கூடத்துக்குப் போய் மகளைப் போனில் கூப்பிட்டார். எடுத்ததும் அவள், "அம்மாவுக்கு இப்ப எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

ஒண்ணும் பயமில்ல என்பது வாய்வரை வந்தது. உள்ளே கட்டில் லேசாக முனகியது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"பிழைக்க மாட்டாம்மா" என்றார். "எனக்கு முன்னாடியே தெரியும். நீ கிளம்பி வா."