நியூட்ரலில் இறங்கிய லாரி

என் அப்பாவை இன்றைக்கும் யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தப் புகழ்ச்சியில் பொய் ஒன்றும் கிடையாது. அதனால்தான் எரிச்சல்.

மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் லாரி ஷெட் மெக்கானிக்காக இருந்தார். வளைவில் ஏறி வரும் வண்டியின் சத்தத்தை ஷெட்டுக்குள்ளிருந்தே கேட்டு, “கியர மாத்தறானா பாரு, கழுத” என்று டிரைவரைத் திட்டுவார். வீட்டிலும் அதே காதுதான். நான் இருமினால் அது சளியா, குறும்பா என்று சரியாகச் சொல்லிவிடுவார். மழை மாதங்களில் பழைய பிரேக் டிரம்மில் கரியைப் போட்டுக் கணப்பு மூட்டி, என் பள்ளிச் சீருடையை அதன்மேல் பிடித்துக் காயவைப்பார். அம்மாவிடம் அந்த வேலையைக் கொடுக்கமாட்டார். “உங்கம்மா காயவெச்சா நீ ஓட்டச் சட்டைலதான் போகோணும்” என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள், நாங்கள் சிரிப்போம்.

பிரேக் வேலை செய்த லாரியை அவர் அப்படியே டிரைவரிடம் ஒப்படைத்ததில்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, பேக்டரிக்கு இறங்கும் செங்குத்தான சரிவில் தானே ஒருமுறை ஓட்டிக் காட்டுவார். “பெத்த புள்ளைய வெச்சு ஓட்டறனுங்க, இதுக்கு மேல என்னங்க சர்டிபிகேட்?” என்று சரிவின் அடியில் நின்றிருப்பவர்களிடம் கேட்பார். கொழுந்து மூட்டைகளின்மேல் ஏறி உட்காரும் பெண்கள்கூட, “புள்ள போயிட்டு வந்துருச்சா?” என்று விசாரித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

லாரி ஓட்டியவர் என் தாய்மாமன், அம்மாவின் ஒரே தம்பி. அப்பா எஸ்டேட் மேனேஜரான பெரிய துரையிடம் பேசித்தான் அவருக்கு அந்த வேலை கிடைத்தது. எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த சட்டம். மாமனுக்கும் தெரியும். ஆனாலும் சரிவு வந்ததும் கியரை விடுவித்து நியூட்ரலில் தட்டிவிட்டு லாரியை அதன் போக்கில் ஓடவிடுவார். எஞ்சின் இரைச்சல் அடங்கிவிடும். மேலே இருக்கும் பெண்களுக்கு ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கும் என்பதால் அவர்களுக்கும் அது பிடித்திருந்தது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும் என்று அப்பா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். “சரிங் மச்சா” என்பார் மாமன். அதோடு சரி.

ஒரு சனிக்கிழமை அம்மா மாமனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாள். பின்னால் மூட்டைகளோடு ஒரு லோடுமேன் மட்டும் இருந்தார். கடைசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. லாரி மேட்டில் மோதிச் சாய்ந்தது. அம்மாவும் மாமனும் கீறலோடு தப்பினார்கள். லோடுமேனின் கால் அடியில் சிக்கியது. ஊட்டி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. “நியூட்ரல்ல உட்டுட்டானுங்க பாவி. நான் வேண்டாம் வேண்டாம்னு கத்துனேனுங்க.”

ஆபீஸில் விசாரணை நடந்தது. ஜன்னலுக்கு வெளியே கூட்டத்தோடு நானும் நின்றேன். விபத்துக்கு முந்தின வாரம்தான் அப்பா பிரேக் வேலை செய்து, என்னை வைத்து ஓட்டிக் காட்டியிருந்தார். மாமன் தலையைக் குனிந்துகொண்டு, பிரேக் சரியில்லை என்றார். துரை அம்மாவைக் கேட்டார்.

“கியர்லதானுங்க வந்துச்சு. பிரேக்குதானுங்க புடிக்கல.”

அப்பா வாயே திறக்கவில்லை. அவரை லாரி ஷெட்டிலிருந்து எடுத்து, பேக்டரியில் இலை வாட்டும் மாடியில் விசிறிகளுக்கு எண்ணெய் விடும் வேலைக்கு மாற்றினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். லோடுமேனின் மனைவி எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அதன்பிறகு எந்த வண்டியையும் அப்பா தொட ஒருவரும் விடவில்லை. மாமன் மட்டும் புது லாரி ஓட்டினார்.

தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். கட்டிய புருஷனைவிட அம்மாவுக்குத் தம்பி பெரிதாகிவிட்டான் என்று நான் முடிவுகட்டினேன். அன்றிலிருந்து அவளிடம் தேவைக்குத்தான் பேசினேன். அவள் சோறு போட்டால் தட்டைத் தள்ளிவைப்பேன், அப்பா போட்டால் சாப்பிடுவேன். என் கல்யாணத்தில் புடவை மடிப்பைச் சரிசெய்ய வந்தவளின் கையைத் தட்டிவிட்டேன். என் பிரசவத்துக்கு மாமியாரை வைத்துக்கொண்டேன். “அம்மாகிட்ட நல்லாப் பேசு கண்ணு” என்று மட்டும் அப்பா சொல்வார். துரோகம் செய்தவளுக்கும் பரிந்து பேசுகிறாரே என்று அவர்மேல் இன்னும் உருகினேன்.

அப்பா இறந்த அன்று, பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு மாமன் வந்தார். புருஷனை இழந்தவளுக்கு அவள் கூடப்பிறந்தவன்தான் அதைப் போட வேண்டும். நான் வாசலில் மறித்தேன். “அந்தாளு கைல நீ கோடி வாங்குனா நான் இப்பவே கெளம்பிருவேன்” என்று அம்மாவிடம் கத்தினேன்.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்காமலே சொன்னாள்:

“அன்னிக்கு ஆபீஸ்ல அப்படிச் சொல்லச் சொன்னதே உங்கப்பாதான். நான் மாட்டேன்னுதான் அழுதேன். ‘எம் பேரு போனா போவட்டும், உந்தம்பி ஜெயிலுக்குப் போயிருவான், கட்டுனவ மாசமா இருக்கறா’ன்னாரு. உனக்குத் தெரிஞ்சா நீ எங்கியாச்சும் சொல்லிப்போடுவீன்னு, உன்ர தலைமேல சத்தியம் வாங்கிட்டாரு.”

மாமன் வாசற்படியில் உட்கார்ந்து, “ஆமா கண்ணு, மச்சாதான்” என்று முகத்தில் அடித்துக்கொண்டு அழுதார். கூடியிருந்தவர்கள் அப்பாவின் மனசைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். இப்படி ஒரு மனுஷன் உண்டா என்றார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. பேர் அவருடையது, யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்கட்டும். ஆனால் நான் அம்மாவின் சோற்றைத் தள்ளியதையெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்த்தாரே. நான் வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. என் அம்மாவை எடுத்துக் கொடுக்க இவர் யார்? மூக்கில் பஞ்சோடு கிடந்தவரை உலுக்கிக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

மாமன் புடவையை நீட்டிக்கொண்டு நின்றார். அம்மா அதை வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

“வாங்கிக்கட்டுமா கண்ணு?” என்று பயந்து பயந்து கேட்டாள்.