பரிசலில் என் இடத்தில் வந்தவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்று, கருப்பு, மோகினி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கடத்தூர்ப் பக்கம் எங்கள் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். பேய் இருக்கிற புளியமரம் என்று ஊரே சுற்றிக்கொண்டு போகும், அவர் எங்களை அந்த மரத்தடியில் உட்கார வைத்துத்தான் கட்டுச்சோற்றைப் பிரிப்பார். தாயத்து, மந்திரிப்பு எதுவும் வாசல்படி ஏறாத வீடு. அப்படி வளர்ந்தவள்தான் இதைச் சொல்கிறேன். நம்புவதும் சிரிப்பதும் உங்கள் பாடு.

எண்பதுகளின் ஆரம்பம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. பாலக்கோட்டில் வாடகை வீடு. அவருக்கு மீன் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. தர்மபுரிக் காட்டில் மீனுக்கு என்ன ஆராய்ச்சி என்று எங்கள் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். மேட்டூர் அணையில் தேங்குகிற தண்ணீர் பின்பக்கமாக ஏறி எங்கள் மாவட்டத்து நாகமரை வரைக்கும் கடல் மாதிரி நிற்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? அந்தக் கரையில் பரிசலும் வலையும் வைத்துக்கொண்டு பிழைக்கிற குடும்பங்கள் நிறைய. என்ன மீன் படுகிறது, எவ்வளவு விற்கிறார்கள், வீட்டுக் குழம்புக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, மீன் பிடிக்கிற வீட்டுப் பெண்களுக்கே ஏன் ரத்தம் குறைவாக இருக்கிறது, இதையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் வேலை.

அவர் பேசாத மனிதர். கெட்டவர் இல்லை, கோபக்காரர் இல்லை, பேச மாட்டார். சாப்பாடு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார், அவ்வளவுதான் பாராட்டு. எனக்கோ வாய் ஓயாது. சுவரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது. சரி, சில ஆண்கள் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா வந்தாள்.

ஸ்டெல்லா தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. அங்கே கடல் மீனவர் வீட்டுப் பெண்களின் உடம்பு, சாப்பாடு, பிரசவம் பற்றி ஆராய்ச்சி செய்துவிட்டு, அணை மீனவர் வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க இங்கே வந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள், கல்யாணமாகாதவள், ஆண்பிள்ளைக் கடிகாரம் கட்டியிருப்பாள், சத்தமாகச் சிரிப்பாள். அவள் வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. அவர் பேச ஆரம்பித்தார். "ஸ்டெல்லா சொல்றாங்க, கடக்கரையில பொம்பளைங்கதான் மீன் விக்கப் போவாங்களாம். ஸ்டெல்லா சொல்றாங்க, புள்ளைங்க எடையப் பாத்தா இங்கதான் மோசமாம்." ஒரு வாய்க்கு ஒரு ஸ்டெல்லா. நான் ரசம் ஊற்றுவேன், உள்ளே கொதிப்பது ரசமா நானா என்று எனக்கே தெரியாது.

வாரத்தில் பாதி நாள் அவர் நாகமரையில்தான் தங்குவார். அவளும் அங்கேதான், வேறொரு வீட்டில். வேறொரு வீடு என்று அவர் சொன்னதுதான், நான் பார்த்தேனா? கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். தர்மபுரியில் ஒரு பஸ், பென்னாகரத்தில் ஒரு பஸ், ஏரியூரில் இன்னொன்று. மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்ட நூல் புடவை கட்டியிருந்தேன். புடவையின் நிறத்தை எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

நாகமரையில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. மாசி மாதம், தண்ணீர் வற்றி வெகுதூரம் உள்ளே போயிருந்தது. வெடித்த சேற்றுக்கு நடுவே மொட்டை மரங்கள். கரையில் மாதம்மாள் வலையை உதறிக்கொண்டிருந்தாள். அவர் அவள் வீட்டில்தான் சாப்பிடுவார், ஒருமுறை சந்தைக்கு வந்தவள் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கம்மா, வாங்க. சாரு அக்கரைக்குப் போயிருக்காருங்க. அந்தப் பக்கம் குடிசை போட்டு வலை வுடறவங்களப் பாக்கணும்னு மத்தியானமே பரிசலெடுத்துக்கிட்டுப் போனாரு. இப்ப வந்துடுவாரு."

"தனியாவா?"

நான் கேட்ட விதத்திலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "துடுப்புப் போட அவருக்கே நல்லா வருதுங்களே" என்றாள். அது என் கேள்விக்குப் பதில் இல்லை.

"அந்தம்மா எங்க?"

"காலையில இங்கதான் இருந்தாங்க. அப்பறம் பாக்கல."

போதாதா? தண்ணீர் ஓரத்தில் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்ததை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

பரிசல் தெரிந்தது. சூரியன் இறங்குகிற பக்கத்திலிருந்து வந்ததால் முதலில் கறுப்பாகத்தான் தெரிந்தது. பரிசலில் இரண்டு பேர்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சம் இருந்தது, ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவன் அக்கரையில் நடப்பதுகூடத் தெரிகிற வெளிச்சம். அவர் முகம் என் பக்கம். எதிரே ஒரு பெண், முதுகு என் பக்கம். பின்னல் தொங்குகிறது, ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு வருகிறாள். அவர் துடுப்பை மடியில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். கைகளை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். நடுவே தலை குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் முன்னால் சாய்ந்து அவர் முழங்கால்மேல் கை வைத்தாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் தொட்டதுகூடப் பெரிதில்லை. என்னிடம் ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லாத மனிதர் அவளிடம் அழுகிறார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"அக்கா! எப்ப வந்தீங்க?"

பின்னால் ஸ்டெல்லா நிற்கிறாள்.

தோளில் குழந்தைகளை எடைபோடுகிற தொங்கு தராசு, கால் முழுக்கப் புழுதி. மேலே காலனியில் குழந்தைகளுக்கு எடை பார்த்துவிட்டு இறங்கி வருகிறாள். நான் அவளைப் பார்க்கிறேன், தண்ணீரைப் பார்க்கிறேன், அவளைப் பார்க்கிறேன். அவளும் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"சார் கூட யாருக்கா அது? உங்க தங்கச்சியா?"

ஆக, நான் மட்டும் பார்க்கவில்லை. பொறாமையில் கண் கட்டிவிட்டது என்று சொல்ல வருகிறவர்களுக்கு அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவளும் பார்த்தாள். வலையைக் கீழே போட்டுவிட்டு வந்த மாதம்மாளும் பார்த்தாள்.

தண்ணீருக்கு நடுவில் ஒரு சின்னக் கரடு தலை நீட்டிக்கொண்டிருக்கும். ஏறி நிற்கக்கூட இடமில்லாத பாறைக் குவியல். பரிசல் அதன் பின்னால் போனது. மறுபக்கம் வெளியே வரும்போது அவர் மட்டும்தான் இருந்தார், துடுப்புப் போட்டுக்கொண்டு.

பரிசல் கரை தட்டியது. அவர் இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

"அதுக்குள்ள எப்படி வந்த? கரட்டுகிட்ட எறங்குறேன்னு அடம் புடிச்சியே, நனையாம எப்படி வந்த?"

"நான் இப்பதானுங்க ஏரியூரு பஸ்ஸுல வரேன்" என்றேன்.

"வெளையாடாத. அக்கரையில வந்து நின்னியே. மேட்டூரு பஸ்ஸுல வந்தேன்னு சொன்னியே." சொல்லிக்கொண்டே வந்தவர் என் புடவையைப் பார்த்தார். "கத்தரிப்பூக் கலருல்ல கட்டியிருந்த?"

கத்தரிப்பூக் கலர் என் நிச்சயதார்த்தப் புடவை. பாலக்கோட்டில் பெட்டிக்குள் இருக்கிறது.

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார், மாதம்மாளைப் பார்த்தார். எங்கள் முகங்களில் என்ன கண்டாரோ, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மாதம்மாள்தான் முதலில் அசைந்தாள். ஆளில்லாத பரிசல் தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது, எதிர்ப்பக்கம் யாரோ இன்னும் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு போய், தானே தூக்கிக் கரையில் கவிழ்த்துப் போட்டாள். "யாரும் எதுவும் கேக்காதீங்க. மொதல்ல வூட்டுக்கு வாங்க" என்றாள். அன்று ராத்திரி அவள் வீட்டில் நாங்கள் நாலு பேரும் விளக்கை அணைக்கவில்லை. என் பக்கத்திலேயே படுத்திருந்த ஸ்டெல்லா ஜெபமாலையை விடவே இல்லை. அவள்மேல் இருந்த ஆத்திரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

ஊருக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்தேன். கதை கட்டத் தெரிந்தவர்கள் புடவை ஈரமாக இருந்தது என்பார்கள். இல்லை. வைத்த மடிப்புக் கலையாமல் அந்துருண்டை வாசத்தோடு கிடந்தது.

பயம் ஒரு மாதத்தில் போய்விட்டது. நம்பினால் நம்புங்கள், போகாதது இன்னொன்று. அன்று அவர் என்ன பேசினார்? எதற்கு அழுதார்? ஆற அமர, சண்டை போட்டு, சோறு போடாமல், எல்லா விதத்திலும் கேட்டுப் பார்த்தேன்.

"உங்கிட்டதான் சொன்னேன்" என்பார்.

"எங்கிட்ட சொல்லலீங்க."

"எனக்கு உங்கிட்ட சொன்ன மாதிரிதான். மறுபடி சொல்ல முடியாது. வுடு."

அவர் மனதைத் திறந்தது வாழ்நாளில் ஒரே முறை. அதை வாங்கிக்கொண்டு போனது வேறொருத்தி. இதில் இன்னொரு கொடுமை, அவளும் பேசியிருக்கிறாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவர், "கெணத்த எட்டிப் பாக்கப் பயமா இருந்தா தண்ணி நான் சேந்தித் தரேன்" என்றார். கிணற்றைக் கண்டால் எனக்குக் கால் நடுங்கும் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றால், "நீதான சொன்ன, பரிசல்ல." என் சித்தியோடு எனக்கு இருந்த மனக்கசப்பு, பள்ளிக்கூடப் படிப்பை நான் பாதியில் விட்ட காரணம், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் நிஜம். எல்லாம் நான் சொல்லாதது.

அதற்குப் பிறகு அவர் நல்ல கணவராக இருந்தார். இதைக் குறையாகச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். பூ வாங்கி வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார், உடம்புக்கு முடியாதபோது கால் பிடித்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு என்மேல் பொறாமை. எனக்கு யார்மேல் பொறாமை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்? அந்தப் பூவெல்லாம் யாருக்கு வந்தது? அவள் ஒரு சாயங்காலம் பேசிச் சம்பாதித்ததை நான் ஆயுசு முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகள் பிறந்தாள். பெயர் வைக்கிற அன்று நான் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். அவர் குனிந்து குழந்தையின் காதில் வேறொரு பெயரைச் சொன்னார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் இல்லாத பெயர், நான் கேள்விப்பட்டே இராத பழைய பெயர். சபையில் எல்லோரும் நல்ல பெயர் என்று தலையாட்டினார்கள். ஒதுக்குப்புறமாக இழுத்துப் போய்க் கேட்டேன். "பொட்டப்புள்ள பொறந்தா இதத்தான் வெக்கணும்னு சத்தியம் வாங்கினியே" என்றார், ஆச்சரியமாக.

அந்தப் பெயரை நான் உங்களுக்கும் சொல்ல மாட்டேன். மகளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அவளுக்கே கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது, இன்னும் எனக்குப் பாப்பாதான்.

ஸ்டெல்லா கடற்கரைக்கே திரும்பிப் போய்விட்டாள். பொங்கலுக்குப் பொங்கல் போனில் பேசுவோம். மீனவர் வீட்டுப் பெண்கள், அவர்கள் பிள்ளைகள், முட்டிவலி என்று எல்லாம் பேசுவோம். அதை மட்டும் பேச மாட்டோம்.

போன மாதம் மகள் ஓசூரில் அவள் வீட்டில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் காபி கலந்துகொண்டிருந்தேன். அவர் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகளுக்கு வைத்த அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. போனில் பேசுகிறார் என்று நினைத்தேன், போன் என் எதிரே அடுப்படி மேடையில் கிடந்தது. மகளைக் கூப்பிடுகிற குரலும் இல்லை அது. மெதுவாக ஏதோ சொன்னார், கொஞ்சம் நிறுத்தினார், பதில் கேட்கிற மாதிரி. அப்புறம் சிரித்தார். அந்தக் கரையில் இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தாரே, அப்படி.

பின்கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. தள்ளினால் திறந்துவிடும். காபி டம்ளரோடு அங்கேயே நின்றேன், ஆறிப்போகிற வரைக்கும். பயம் என்று நினைக்காதீர்கள். திறந்தால், நான், அவள் என்கிற இரண்டு பேரில் யாரைப் பார்த்து அவர் எழுந்து வருவார் என்று தெரிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.